செவலைக்கு வந்த கட்டியும் அம்மாவின் கட்டைவிரலும்

"தம்பி, செவலைக்கு மேலெல்லாம் முண்டு முண்டாக் கெளம்பியிருக்குடா" என்று அம்மா போனில் சொன்னபோது ராத்திரி ஒன்பதரை இருக்கும். மழை பிடித்த நேரம், கொசு கடித்திருக்கும், இல்லாவிட்டால் காணாக்கடியாக இருக்கும் என்று நான்பாட்டுக்குச் சமாதானம் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில் பக்கத்துத் தெருப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும்தான் இது கொசுக்கடி இல்லை என்று உறைத்தது. லீவு சொல்லிவிட்டு சிவகங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

செவலை எங்கள் பசு, ஜெர்சி கலப்பு. மூன்றாவது ஈத்து. தொழுவத்தின் மூலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அசை போடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது, கண்ணில் பீளை. கழுத்து, தோள், விலா, மடி, தொடை என்று ஓர் இடம் பாக்கி இல்லாமல் கட்டி. ஒவ்வொரு கட்டியின் மேலும் முடி மட்டும் குத்திட்டு நின்றதால் தூரத்திலிருந்து பார்க்கும்போதே மாட்டின் மேல் யாரோ கைக்கு வந்தபடி புள்ளி வைத்த மாதிரி இருந்தது. சில கட்டி புளியங்கொட்டை அளவு, சிலது எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்த அளவு. விரலால் பிடித்துப் பார்த்தேன். கொழுப்புக்கட்டி என்றால் தோலுக்கு அடியில் நழுவும், இது நழுவவில்லை, தோலே முழு கனத்துக்கும் தடித்து இறுகியிருந்தது, அசைத்தால் தோலும் சேர்ந்துதான் அசைந்தது. முன்னங்காலுக்கு மேலே நெறிகட்டி இருந்தது தனியாகத் தெரிந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

அம்மா அதற்குள் தொழுவ வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, "அம்மா வந்திருக்கா, வீட்டுல கறி மீன் ஆக்கக் கூடாது" என்று சட்டம் போட்டிருந்தார். மாட்டுக்கு அம்மை வந்தாலும் வீட்டுக்குப் பத்தியம் உண்டு எங்கள் ஊரில்.

டாக்டர் மதியம் வந்தார். தூரத்தில் நின்று பார்த்தவுடனேயே "லம்பி" என்றார். தமிழில் தோல் கழலை நோய் என்று சுவரொட்டியில் போடுகிறார்கள், ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, மாட்டம்மை என்பார்கள், இல்லாவிட்டால் லம்பி. காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் ஓர் ஊசி, புண்ணில் வேறு கிருமி ஏறாமலிருக்க ஆன்டிபயாடிக். "வைரஸுக்குன்னு மருந்து கிடையாது, தாங்கி வந்துரும், தண்ணி மட்டும் குறையாமப் பாத்துக்கங்க" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, இந்த நோய் வந்த எல்லா வீட்டிலும் கேட்டிருப்பார்கள்: "மனுஷனுக்கு வருமா சார்?" "வராது." அடுத்து அம்மா: "பாலக் குடிக்கலாமா?" "காய்ச்சிக் குடிங்க. எப்பவும் காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

அவ்வளவுதான் பதில். ஆனால் அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் பால் வாங்கும் ஏழு வீடும் நின்றுவிட்டது. எதிர்வீட்டு அயித்தை நேராகச் சொல்லவில்லை, "பேரன் பாக்கெட் பால்தான் வேணுங்கிறான்" என்றார். பேரனுக்கு வயது ஒன்றரை. அம்மாவுக்கு மாட்டுக்குக் காய்ச்சல் வந்ததைவிட இதுதான் பெரிய வருத்தம்.

அந்த ஒரு வாரம் ஊரிலேயே இருந்தேன். தொழுவத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தது அப்போதுதான். இது முதன்முதலில் பதிவானது 1929-ல், இன்றைக்கு ஜாம்பியா என்று சொல்கிற வடக்கு ரொடீஷியாவில். வேடிக்கை என்னவென்றால் அங்கே முதலில் இதைத் தொற்றுநோய் என்றே நினைக்கவில்லையாம், ஏதோ விஷச்செடி தின்றிருக்கும், அல்லது பூச்சி கடித்து ஒவ்வாமை என்றுதான் நினைத்தார்கள். அதாவது காணாக்கடி. நான் போனில் அம்மாவுக்குச் சொன்ன அதே காரணம்! 1940-களில் தென்னாப்பிரிக்காவுக்குள் இறங்கி, 1949-க்குள் சுமார் 80 லட்சம் மாடுகளைப் பிடித்தபோதுதான் அது ஒட்டுவாரொட்டி என்று உறுதியாயிற்று. பல காலம் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருந்து, 1989-ல் இஸ்ரேல், அப்புறம் மத்தியக் கிழக்கு, துருக்கி, கிரீஸ் என்று நகர்ந்து, 2019 ஆகஸ்டில் ஒடிசாவில் நம் நாட்டுக்குள் முதல்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2022-ல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள், அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் மாடுகள் செத்தன.

பரவுவது பெரும்பாலும் ரத்தம் குடிக்கிற பூச்சிகளால்தான். கடி ஈ, கொசு, உண்ணி. ஒரு மாட்டின் கட்டியில் வாயை வைத்த ஈ அடுத்த மாட்டில் போய் உட்கார்ந்தால் போதும், வைரஸ் அதன் வாயில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் கிளம்புகிறது. அம்மாவின் வேப்பிலையைப் பற்றி நான் கொஞ்சம் கிண்டலாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் ராத்திரி அவர் காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போட்டபோது ஈ ஒன்றுகூடத் தொழுவத்தில் தங்கவில்லை. சரி, மாரியம்மாவுக்காகப் போட்டாரோ ஈக்காகப் போட்டாரோ, நடக்க வேண்டியது நடந்தது.

வெற்றிலை வைத்தியமும் செய்தோம். கால்நடைப் பல்கலைக்கழகத்து ஆட்களே சொல்லிப் பரவிய முறைதான் அது: பத்து வெற்றிலை, பத்து கிராம் மிளகு, பத்து கிராம் உப்பு, அரைத்து வெல்லம் சேர்த்து உருட்டி நாக்கில் தடவிக் கொடுப்பது. மேலே பூச குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். இதனால்தான் பிழைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நோய் கண்ட மாடுகளில் பெரும்பாலானவை எப்படியும் பிழைத்துவிடுகின்றன, சாவு வழக்கமாக நூற்றுக்குப் பத்துக்குக் கீழேதான். ஆனால் அந்த எண்ணெய் பூசிய புண்ணில் புழு வைக்கவில்லை, அது எனக்குக் கண்ணால் தெரியும்.

கட்டி ஆறுகிற விதம்தான் பார்க்கச் சகிக்காது. மூன்றாம் வாரம் பெரிய கட்டிகளின் நடுவே வட்டமாகக் கருத்தது. ஓரத்தில் மெல்ல ஒரு விரிசல் விட்டது. அப்புறம் டப்பா மூடி கழன்ற மாதிரி அந்த வட்டம் அப்படியே விழுந்தது, உள்ளே பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்புக் குழி. அம்மா ஒவ்வொரு குழியையும் உப்புத் தண்ணீரில் துடைத்து எண்ணெய் வைப்பார், செவலை ஒரு முறைகூட உதைக்கவில்லை. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் அசை போட ஆரம்பித்தது. வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த மாடு ரெண்டு லிட்டருக்கு வந்து நின்றது, பழைய அளவுக்கு அந்த ஈத்தில் ஏறவே இல்லை.

இதுவரைக்கும் சொன்னது முன்கதை. நான் எழுத வந்தது அம்மாவின் கட்டைவிரலைப் பற்றி.

தை மாசம். வீட்டில் நாலு வெள்ளாடு, ஒன்று ரெட்டைக் குட்டி போட்டிருந்தது. அதில் ஒரு குட்டிக்கு உதட்டோரம் பொருக்குப் பொருக்காகப் புண், ஊட்டவே முடியவில்லை, மடியில் வாய் வைத்ததும் வலியில் இழுத்துக்கொள்ளும். முள்ளுச்செடியைத் தின்று வாய் கிழிந்திருக்கும் என்று அம்மா தினமும் அதைப் பிடித்து, பொருக்கைப் பிய்த்து, மஞ்சளைக் குழைத்துத் தடவி, வாயைப் பிளந்து பாட்டில் பால் புகட்டினார். வெறும் கையால். மாட்டுக்குக் கட்டி வந்தபோது "தொட்டுட்டுக் கையக் கழுவுடா" என்று என்னை நூறு தரம் விரட்டியவர்தான். ஆட்டுக்குட்டி வாயைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் அவர் வலது கட்டைவிரலில், நகத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சிவப்புத் தடிப்பு. அது மேடாகி, நெல்லிக்காயில் பாதி அளவுக்கு வளர்ந்தது. நான் பார்த்தபோது நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், அதற்கு வெளியே மறுபடி சிவப்பு. நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறார். டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். சீழ் கோத்திருக்கிறது, கீறிவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கீறினார்கள். சீழே வரவில்லை, ரத்தம்தான் வந்தது, நிற்காமல் வந்தது. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நாலு நாளில் விரல் மணிக்கட்டு வரை வீங்கி அக்குளில் நெறிகட்டிவிட்டது.

அப்புறம் மதுரையில் ஒரு தோல் டாக்டர். வயசானவர். கட்டைப் பிரித்துப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார், அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல ஆடு இருக்காம்மா? குட்டிக்கு வாய்ப்புண்ணா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஆர்ஃப் என்று அதற்குப் பெயர். செம்மறி, வெள்ளாட்டுக் குட்டிகளின் உதட்டில் வருகிற ஒரு வைரஸ், தாயின் காம்பிலும் ஒட்டும், குட்டியைத் தொடுகிற மனிதன் கையில் ஒரு சின்ன கீறல் இருந்தால் அதற்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். மனிதனுக்கு வந்தால் பெரும்பாலும் ஒன்றோ ரெண்டோ கட்டிதான், மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்தில் தன்னால் உதிர்ந்துபோகும், கீறவே கூடாது. மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்குப் போவது அபூர்வம். ஆனால் உதிர்ந்த பொருக்கு காய்ந்த பட்டியில் கிடந்தால் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த ஈத்துக் குட்டிக்கும் வரும். கீறியதால் உள்ளே போன வேறு கிருமிக்குத்தான் டாக்டர் மாத்திரை எழுதினார், கட்டிக்கு ஒன்றுமே எழுதவில்லை. "அதை மறந்துருங்க, அதுவா போயிரும்" என்றார். அஞ்சாவது வாரம் போய்விட்டது.

ஆக, நாங்கள் ஊரே சேர்ந்து பயந்த மாட்டுக் கட்டி மனிதனுக்கு வரவே வராத கட்டி. ஒருவரும் கண்டுகொள்ளாத ஆட்டுக்குட்டியின் வாய்ப்பொருக்குத்தான் கையில் ஏறியது. இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. லம்பி வைரஸும் ஆர்ஃப் வைரஸும் ஒரே அம்மைக் குடும்பம். லம்பி கேப்ரிபாக்ஸ் என்ற கிளை, அந்தக் கிளையில் இன்னும் ரெண்டே பேர்தான், செம்மறியாட்டம்மை, வெள்ளாட்டம்மை. மூன்றும் மனிதனைச் சீண்டுவதில்லை. அந்த மூன்றும் அவ்வளவு நெருக்கம் என்பதால்தான் வெள்ளாட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போடுகிறார்கள், எங்கள் கன்றுக்குட்டிக்கும் அதுதான் போட்டது. ஆர்ஃப் பாராபாக்ஸ் கிளை. அதே ஆடு, அதே பட்டி, ஒரு அம்மை நம்மை விட்டுவிடுகிறது, இன்னொன்று விரலைப் பிடிக்கிறது. பசுவின் காம்பில் வரும் இன்னொரு பாராபாக்ஸ் பால் கறக்கிறவர் கையில் இதே மாதிரி கட்டியாகக் கிளம்பும். எருமையம்மையும் கறக்கிறவர் கைக்கு வரும், ஆனால் அது மூன்றாவது கிளை, ஆர்த்தோபாக்ஸ், பெரியம்மையின் பங்காளி.

இந்த மாதிரி ஒரு காம்புப் புண்ணிலிருந்துதான் தடுப்பூசியே பிறந்தது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எட்வர்ட் ஜென்னர், 1796 மே 14, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையில் இருந்த பசுவம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து எட்டு வயதுப் பையன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி ஏற்றினார். மாட்டின் பெயர் பிளாசம், அதன் தோல் இன்னும் லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு ஜென்னரைவிடப் பிடித்தவர் பெஞ்சமின் ஜெஸ்டி. சாதாரண விவசாயி, இங்கிலாந்தின் டார்செட் பக்கம். ஜென்னருக்கு 22 வருஷம் முன்னால், 1774-ல், ஊரில் பெரியம்மை வந்தபோது, பக்கத்துப் பண்ணை மாட்டின் மடிப்புண்ணிலிருந்து காலுறை பின்னும் ஊசியால் எடுத்துத் தன் பெண்டாட்டிக்கும் ரெண்டு பையன்களுக்கும் குத்திவிட்டார். பெண்டாட்டிக்குக் கை வீங்கி உயிர் போய் வந்தது. ஊர்க்காரர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்களாம், மனிதனுக்கு மாட்டுச் சீக்கை ஏற்றிவிட்டான் என்று. எங்கள் தெரு ஏழு வீடும் நினைவுக்கு வந்தது.

ஜென்னருக்கும் ஒரு தலைவலி இருந்தது. பால்காரர்கள் கையில் வருகிற எல்லாக் கொப்புளமும் பெரியம்மையைத் தடுக்கவில்லை. சிலருக்குத் தடுத்தது, சிலருக்குப் பெரியம்மை வந்தே விட்டது. அதனால் நிஜப் பசுவம்மை, போலிப் பசுவம்மை என்று அவரே பிரித்து எழுத வேண்டி வந்தது. அந்தப் போலிகளில் ஒன்றுதான் நான் மேலே சொன்ன காம்புப் பாராபாக்ஸ். கண்ணால் பார்த்தால் ரெண்டும் கட்டிதான், வைரஸ் வேறு.

இங்கே சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899-ல் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் தயாரிக்கத்தான். கன்றுக்குட்டியின் தோலைச் சிரைத்து, கீறி, கிருமியை ஏற்றி, எழும்பிய கொப்புளத்தைச் சுரண்டி எடுத்து மருந்தாக்குவார்கள். தடுப்பூசி போடுவதை எங்கள் அப்பத்தா கடைசி வரை "அம்மை குத்துறது" என்றுதான் சொல்லும். அவர் இடது கையில் ரெண்டு வட்டத் தழும்பு, நடுவில் குழிந்து, ஓரம் சுருங்கி. சின்னப் பிள்ளையில் அதில் விரலை வைத்து அமுக்கி விளையாடியிருக்கிறேன். செவலையின் விலாவில் இப்போது இருக்கிற தழும்புகளும் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கின்றன, முடி முளைக்காத வட்டம், நடுவில் குழி.

தமிழில் உடம்பில் மேடாக எழும்பும் எதற்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பரு, மரு, பாலுண்ணி, வேர்க்குரு, கொப்புளம், கட்டி, கழலை, சிலந்தி, நகச்சுத்தி, தடிப்பு. அம்மைக் கொப்புளத்துக்கு மட்டும் முத்து. "முத்துப் போட்டிருக்கு" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும், கொப்புளம் என்று சொன்னால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். முத்துமாரி என்கிற பெயரே அதிலிருந்துதான் என்பார்கள்.

அந்த முத்து வேறு ஓர் இடத்திலும் வருகிறது. காசநோய் முற்றிய மாட்டை அறுத்தால் நெஞ்சுக்கூட்டின் உள்சவ்வில் பளபளவென்று சின்னச் சின்ன உருண்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும், ஜெர்மன்காரர்கள் அதற்கு முத்து நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பல காலம் அது மாட்டுக்கு வந்த மேகநோய் என்று நினைத்தார்களாம். மனிதனின் காசநோயும் அதுவும் சொந்தம் என்பது 1882-ல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் தெளிந்தது. அதே கோக் 1901-ல் லண்டன் மாநாட்டில் எழுந்து, மாட்டுக் காசநோயால் மனிதனுக்கு அப்படியொன்றும் ஆபத்தில்லை, பாலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்கிற மாதிரி பேசிவிட்டார். எவ்வளவு பெரிய ஆள்! பிரிட்டிஷ் அரசு அதற்கென்று ஒரு கமிஷன் போட்டு, பத்து வருஷம் சோதித்து, கோக் சொன்னது தப்பு என்று முடிவுக்கு வந்தது. காய்ச்சாத பாலில் போகும் மாட்டுக் காசக்கிருமி பிள்ளைகளின் கழுத்தில் நெறிகளைப் பிடித்து வரிசையாக வீங்க வைக்கும். நம்மிடம் அதற்கும் பெயர் உண்டு: கண்டமாலை. கழுத்தில் மாலை போட்ட மாதிரி. (கண்டமாலை எல்லாமே மாட்டிலிருந்து வருவதில்லை, நம் ஊரில் பெரும்பாலும் மனிதக் காசநோய்க் கிருமிதான் காரணம்.)

காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியும் மாட்டிலிருந்து வந்ததுதான். கால்மெட், கேரன் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908-லிருந்து 13 வருஷம், மாட்டுக் காசக்கிருமியை உருளைக்கிழங்கும் மாட்டுப் பித்தநீரும் கலந்த ஊட்டத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டுக்கு அந்த மருந்தைத் தயாரிக்க 1948-ல் ஆய்வகம் வைத்ததும் அதே கிண்டியில்தான். அப்பத்தா கையில் ரெண்டு தழும்பு, என் கையில் ஒன்று, ரெண்டும் மாட்டுக்கட்டியின் வாரிசு.

எல்லாக் கட்டியும் விலங்கிலிருந்து மனிதனுக்கு வருவதும் இல்லை. எங்கள் சித்தப்பாவுக்கு மூக்கில் ஒன்று வளர்ந்தது. சிவப்பாக, முசுக்கொட்டைப் பழம் மாதிரி, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு, லேசாக விரல் பட்டாலே ரத்தம். கண்மாயிலேயே பிறந்து வளர்ந்தவர், எருமையும் அவரும் ஒன்றாகத்தான் குளிப்பார்கள். ரைனோஸ்போரிடியம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குளத்தில் குளிக்கிறவர்களுக்கு வருவது, மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும்கூட வருவது. மாட்டிடமிருந்து அவருக்கு வரவில்லை, அவரிடமிருந்து மாட்டுக்கும் போகவில்லை, ரெண்டு பேருக்கும் தண்ணீரில் இருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள். ரொம்ப நாள் பூஞ்சை என்று நினைத்திருந்தார்கள், 1990-களின் கடைசியில் மரபணுவைப் பார்த்தபோது மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் சொந்தம் என்று தெரிந்தது. மருந்தில் சரியாக நிற்காது, அறுத்து எடுத்து அடியைச் சுட வேண்டும், சித்தப்பாவுக்கு ரெண்டு தரம் செய்தார்கள்.

அதே கண்மாயில் மாடுகளுக்கு மூக்கில் வேறொரு கட்டி வரும். பூக்கோசு மாதிரி உள்ளே வளர்ந்து அடைத்துக்கொண்டு, மூச்சு விட்டால் குறட்டைச் சத்தம் கேட்கும். அது நத்தை வழியாக வரும் ஒரு புழுவின் வேலை, மூக்கின் ரத்தக்குழாயில் குடியிருந்து முட்டை போடுகிறது. 1933-ல் ராவ் என்கிற ஆய்வாளர் அதை விவரித்துப் பெயர் வைத்தார். ஒரே தண்ணீர், ஒரே மூக்கு, ரெண்டு வேறு விருந்தாளி.

பயப்பட வேண்டிய கட்டி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தோல் டாக்டர் அம்மாவிடம் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்டார்: "சமீபத்துல திடீர்னு செத்த ஆட்ட அறுத்தீங்களா?" இல்லை என்றதும் அவர் முகம் லேசானது. அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. நல்லாத்தான் மேய்ந்துகொண்டிருந்தது, பொத்தென்று விழுந்தது, மூக்கில் கறுப்பாக உறையாத ரத்தம் என்றால் அந்த ஆட்டையோ மாட்டையோ கத்தி வைக்கவே கூடாது. எங்கள் பக்கம் செத்த ஆட்டைச் சும்மா புதைக்க மனசு வராமல் கூறு போட்டு விற்றுவிடுகிற பழக்கம் இருக்கிறது. தோலை உரிக்கிறவர் கையில் முதலில் அரிக்கும் சின்ன முடிச்சு, அப்புறம் நீர் கோத்த கொப்புளம், அப்புறம் நடுவில் கரி மாதிரி கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம். வலி இருக்காது, அதனாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். சீக்கிரம் பார்த்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகிவிடும், விட்டால் உயிருக்கு ஆபத்து. புதைத்த இடத்து மண்ணில் அதன் வித்து பல பத்து வருஷம் கிடக்கும், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் எரிக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் குட்டிக்கு வாயில் பொருக்குத் தெரிந்தால் அம்மா கையுறை போடுகிறார். அதாவது ஹார்டுவேர் கடையில் வாங்கிய சிமென்ட் வேலைக்கான ஆரஞ்சு ரப்பர் கையுறை. குட்டி அதைப் பார்த்து மிரண்டு ஓடுகிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மாசி மாசத்தில், விரலில் கட்டி முற்றி, அம்மா வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு இடது கையாலும் வலது கையின் நாலு விரலாலும் செவலையைக் கறந்துகொண்டிருந்த ஒரு காலையில் எதிர்வீட்டு அயித்தை சொம்போடு வந்து நின்றார். மூன்று மாசத்துக்குப் பிறகு. பாக்கெட் பால் பேரனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். செவலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே இப்ப, எல்லாம் ஆறிருச்சுல்ல?" என்று ரெண்டு தரம் கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் அம்மாவின் கையைப் பார்த்தார்.

"என்ன மதினி, விரல்ல கட்டு?"

"கதவிடுக்குல வச்சு நசுக்கிக்கிட்டேன்" என்றார் அம்மா, சொம்பில் நுரை தளும்பப் பாலை ஊற்றிக்கொண்டே.